தோட்டா சிக்கினால் முதலில் மேகசினைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் எப்போதாவது தோட்டா சிக்குகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டதற்கு, ஃபீட் ராம்ப்பை உப்புத்தாளால் தேய்க்கும்படி பதில் வந்திருந்தது. தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசினிலிருந்து கிளம்பும் தோட்டாவின் மூக்கை, சுடும்போது தோட்டா உட்கார்ந்திருக்கும் அறையான சேம்பருக்குள் ஏற்றிவிடும் சரிவுதான் ராம்ப். சேம்பரின் கீழ் ஓரம் தேய்ந்தால் தோட்டாக் கூட்டின் அடிப்பகுதிக்குத் தாங்கல் குறையும். சுடும்போது கூடு அங்கே பிளக்கக்கூடும். 1911 என்ற பிஸ்டல் வகையில் ஃபிரேமின் (உடற்பகுதியின்) சரிவுக்கும் பேரலின் (குழலின்) சரிவுக்கும் நடுவே சுமார் 0.8 மி.மீ. இடைவெளி வேண்டும். இரண்டையும் ஒரே வழவழப்பாக இழைத்துவிட்டால் ஒழுங்காக ஏறிய தோட்டாவும் சிக்கத் தொடங்கும். எப்போதாவதுதான் சிக்குகிறது என்றால், மற்ற தோட்டாக்களெல்லாம் அதே ராம்ப் மேல்தானே ஏறின?

எதைத் தொடுவதானாலும் குழல்வாய் பாதுகாப்பான பக்கம் இருக்க, முதலில் மேகசினைக் கழற்றுங்கள். பிறகு பிஸ்டலின் மேலே முன்பின்னாக நகரும் ஸ்லைடைப் பின்னிழுத்து நிறுத்தி, சேம்பரைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் சோதியுங்கள். வரிசை மாறினால் ஸ்லைடு முன்னே போகும்போது இன்னொரு தோட்டாவை ஏற்றிவிடும். சுட்டபோது சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக இருந்தால், அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது. தோட்டாவின் முனையிலிருந்து பாயும் குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம்.

இப்போது மேகசின். ஒவ்வொன்றின் அடியிலும் எண் எழுதுங்கள். சிக்கும்போதெல்லாம் எந்த எண், எத்தனையாவது தோட்டா, எந்தப் பெட்டித் தோட்டா, சுத்தம் செய்து எத்தனை ரவுண்டு ஆயிற்று என்று குறித்து வாருங்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் உதடுகள் வளைந்தோ விரிசல் விட்டோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, நன்றாக ஓடும் மேகசினோடு ஒப்பிடுங்கள். கடைசி ஒன்றிரண்டு தோட்டா மட்டும் தகராறு செய்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்தபின் ஸ்பிரிங்கை முன்பின்னாக மாட்டிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. கழற்றும்போதே எந்தப் பக்கம் மேடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே எண்ணெய் வேண்டாம். வெடிமருந்துத் தூள் அதில் ஒட்டிச் சேறாகிவிடும்.

மேகசின் குற்றமற்றது என்றால், எப்படிச் சிக்கியது என்பதுதான் துப்பு. தோட்டாவின் மூக்கு ராம்ப்பில் குத்தி நின்றால், மேகசின் முழுதாகப் பூட்டவில்லை, அல்லது குண்டின் வடிவம் அந்த பிஸ்டலுக்கு ஒத்துவரவில்லை. ராம்ப்பில் கரி படிந்திருந்தாலும் இப்படி ஆகும், அதற்குக் கரைப்பானும் துணியும் போதும். மேகசினில் தோட்டா இருந்தும் ஸ்லைடு வெறும் சேம்பரில் மூடிக்கொண்டால், ஸ்லைடு போதிய தூரம் பின்னே போகவில்லையா என்று பாருங்கள். மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள்; தோட்டா தீர்ந்ததும் ஸ்லைடைப் பின்னே நிறுத்தும் நெம்பின் மேல் கட்டைவிரல் படக்கூடாது. ஸ்லைடு பின்னே நிற்காமல், காலிக் கூடும் காலடியிலேயே விழுந்தால் சந்தேகம் உறுதி. மருந்து வேகம் குறைந்த தோட்டா, தளர்ந்த மணிக்கட்டு, ஸ்லைடு தடத்தில் காய்ந்த எண்ணெய், ஸ்லைடை முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கடினமாக இருப்பது ஆகியவைதான் காரணங்கள். அனுபவசாலி ஒருவர் அதே மேகசினையும் தோட்டாவையும் வைத்துச் சுட்டுப் பார்த்தால் பிடியின் குறையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஸ்லைடு இரண்டு மூன்று மி.மீ. மூடாமல் நிற்பது வேறு கதை. உள்ளங்கையால் அடித்து மூடாதீர்கள். பேரலைத் தனியே கழற்றி, தோட்டாவைச் சேம்பரில் நழுவ விடுங்கள். 'டக்'கென்று உட்கார்ந்து, கவிழ்த்தால் தானே விழ வேண்டும். விழாவிட்டால் சேம்பர் அழுக்கு, அல்லது தோட்டா நீளம், அல்லது கூடு உப்பல். 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டாவின் மொத்த நீளம் 29.69 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. ஒரே தோட்டாவைப் பலமுறை ஏற்றி இறக்கினால் குண்டு உள்ளே அழுந்தி நீளம் குறையும். சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். அப்படிப்பட்டதை ஒதுக்கிவிடுங்கள். தோட்டா தாராளமாக உட்கார்ந்தும் ஸ்லைடு மூடவில்லை என்றால், காலிக் கூட்டைச் சேம்பரிலிருந்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் அடைந்த கரியையும் தளர்ந்த ரீகாயில் ஸ்பிரிங்கையும் பாருங்கள்.

.22 பிஸ்டலில் விளிம்புள்ள தோட்டா என்பதால், நிரப்பும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். ஈயமும் மெழுகும் சேம்பர் வாயில் சீக்கிரம் படியும். எந்த வேகத் தோட்டா என்பதைக் கையேட்டில் சொல்லியிருப்பார்கள், அதைவிட்டு மாற வேண்டாம்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். ஸ்பிரிங், தோட்டா இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாது. இத்தனைக்கும் பிறகு சிக்கினால் ராம்ப்பையும் எக்ஸ்ட்ராக்டர் இறுக்கத்தையும் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் அளவெடுத்துப் பார்க்கட்டும். பிஸ்டலோடு எல்லா மேகசின்களையும் குறிப்பேட்டையும் அவரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
துப்பாக்கி சுடுதல் பயிற்றுநர் ஒருவர்