இரண்டு நண்பர்களும் ஒரு காரும் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் காரின் முன்கண்ணாடியில் செல்போனை ஒட்டிவைத்துக்கொண்டு, இரண்டு நண்பர்கள் பேசியபடியே போகும் வீடியோக்கள் பெருகிவிட்டன. வழியில் மிளகாய் பஜ்ஜி, மேலே போனதும் காபி, நடுநடுவே ஏதாவது ஒரு நடிகரின் குரல். இவற்றை எடுக்கும் இளைஞர்களில் சிலர் பிபிசியின் 'தி டிரிப்' தொடரைத் தங்களுக்கு முன்மாதிரியாகச் சொல்கிறார்கள். நல்ல முன்மாதிரிதான். ஆனால் காரையும் சாப்பாட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தத் தொடரைத் தாங்கி நிற்கும் இரண்டு பாத்திரங்களை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். நம் ஊரில் இதை மிக நன்றாகச் செய்ய முடியும் என்று நம்புவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

2010-ல் மைக்கேல் விண்டர்பாட்டம் இயக்கி வந்த முதல் தொடர், அரை மணி நேர அத்தியாயங்கள் ஆறு. ஸ்டீவ் கூகன், ராப் பிரைடன் என்ற இரு நகைச்சுவை நடிகர்களும் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள். வட இங்கிலாந்தின் உணவகங்களைப் பற்றி எழுத ஒரு ஞாயிறு பத்திரிகை கூகனை அனுப்புகிறது. கூட வரவேண்டிய காதலி அமெரிக்கா போய்விட, வேறு ஆள் கிடைக்காமல் பிரைடனைக் கூப்பிடுகிறார். முழு வசனம் எழுதப்படவில்லை. காட்சியின் வரைவை வைத்துக்கொண்டு இருவரும் அங்கேயே பேசியது அது. இதைக் கேள்விப்பட்டதும், "அவர்கள் அவர்களாகவே இருந்தார்கள், நாமும் அப்படியே இருப்போம்" என்று நம் இளைஞர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். தவறு தொடங்கும் இடம் இதுதான். கதையில் கூகனுக்கு ஒரு மகன். நிஜத்தில் அவருக்கு மகள். பிரைடனின் மனைவியாக வருபவரும் ஒரு நடிகைதான். பெயரும் முகமும் சொந்தம். மற்றபடி இரண்டும் திட்டம் போட்டுக் கட்டிய பாத்திரங்கள்.

கட்டிய விதத்தைக் கவனியுங்கள். கூகன் பாத்திரத்துக்கு ஹாலிவுட் வேண்டும், தீவிர நடிகன் என்ற பெயர் வேண்டும். இருப்பதில் எதுவும் அவருக்குப் போதவில்லை. பிரைடன் பாத்திரத்துக்கு எல்லாமே போதும்: மனைவி, கைக்குழந்தை, நாள் முழுக்க யாருடைய குரலிலாவது பேசிக்கொண்டிருக்கும் சந்தோஷம். முதல் அத்தியாயத்தில் ஆங்கில நடிகர் மைக்கேல் கெய்ன் குரலை இருவரும் மாறி மாறிப் பேசிக்காட்டுவதைத்தான் எல்லோரும் துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறார்கள். அதைத் தனியாகப் பார்த்தால் மிமிக்ரி. முழுதாகப் பார்த்தால் அது ஒரு வழக்கு விசாரணை. அறுபதுகளில் மூக்கிலிருந்து வந்த குரல், சுருட்டாலும் பிராந்தியாலும் வயது ஏற ஏறக் கீழே இறங்கியது என்று பிரைடன் வாதாடுகிறார். உணர்ச்சி பொங்கும்போது அந்தக் குரல் உடையும், அதுதான் உயிர் என்று கூகன் மறுக்கிறார். இரண்டுமே சரி; தீர்ப்பு மட்டும் வருவதில்லை. இன்னோர் இரவு, பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட குட்டி மனிதன் பேசுவதுபோல் பிரைடன் செய்யும் குரலை, கூகன் தன் அறைக் கண்ணாடி முன் நின்று முயன்று பார்க்கிறார். வரவில்லை. பகலில் எதை மட்டமாகப் பேசினாரோ அதற்கே இரவில் ஏங்குகிறார். அந்த மனிதரைப் பற்றி நமக்கு வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை.

நம் இளைஞர்கள் மனத்தில் இருக்கும் ஜோடி கவுண்டமணி–செந்தில். அந்த இலக்கணத்தில் அடிப்பவர் யார், வாங்குபவர் யார் என்பது முதல் காட்சியிலேயே முடிவாகிவிடும். 'தி டிரிப்'பில் அந்த இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆற்றின் குறுக்கே போட்ட கல் வரிசையில் பாதி தூரம் போய்க் கூகன் மாட்டிக்கொள்கிறார். கரையில் நிற்கும் பிரைடனுக்கு அதுவே பேச்சுக்குத் தீனியாகிறது. 2014-ல் இத்தாலிக்குப் போன இரண்டாம் தொடரில் இருவரும் இடத்தையே மாற்றிக்கொள்கிறார்கள். அமெரிக்கப் பட வாய்ப்பும் தடம் புரளலும் பிரைடனுக்கு. மகனோடு இருக்க வேண்டும் என்ற கவலை கூகனுக்கு.

ஆகவே சேலத்தில் இதை எடுக்க நினைப்பவர்கள் கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் இருவருக்கும் தனித்தனியே மூன்று பதில் எழுத வேண்டும். இவனுக்கு என்ன வேண்டும்? எதை மறைக்கிறான்? யாருடைய போன் வந்தால் எழுந்து வெளியே போவான்? ஓர் உதாரணம் சொல்கிறோம். ஒருவன் சென்னை போய் சீரியல்களில் தங்கையின் கணவனாகவே பதினைந்து வருடம் நடித்தவன். மற்றவன் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன், கல்யாண மேடையில் எம்.ஆர்.ராதா குரல் பேசுபவன். பட்டறைக்காரனுக்கு மணிக்கொரு தரம் வீட்டிலிருந்து போன் வரும். நடிகனின் போன் அடிக்காது. அவனே வளைவுக்கு வளைவு சிக்னலைத் தேடுவான். இதில் ராதாவின் குரல் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று சண்டை வந்தால் அது குரலைப் பற்றிய சண்டையாக மட்டும் இருக்காது.

மூலத் தொடரில் வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ் என்ற ஆங்கிலக் கவிஞர்கள் வழி நெடுகத் துணைக்கு வருகிறார்கள். நமக்கு ஏற்காடு சாலையிலேயே மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய, நூறு படங்களுக்கு மேல் தயாரித்த நிறுவனம், கலைஞர் வசனம் எழுதிய இடம். நடிகன் பாத்திரம் அதைத் தாண்டும்போது வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டான். அந்தப் பேச்சு மலையடிவாரம் வரும்வரை ஓடட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

பேச்சுக் காட்சிகளைச் சமதளத்திலேயே முடித்துவிடுங்கள் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. ஏற்றத்தில் முதல், இரண்டாம் கியரில் இன்ஜின் உறுமல் குரலை விழுங்கிவிடும். வளைவு திரும்பும் சில நொடிகளில் வெயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விடும். போன் தானாக வெளிச்சத்தைச் சரிசெய்யப் பார்க்கும், முகம் ஒரு கணம் கருகும், மறு கணம் வெளுக்கும். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, பூட்டிவிட்டுத் தொடங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி ஓட்டுபவர் நடிக்கவே கூடாது. மேலே ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டிய பாதை அது. பஸ் திரும்பும்போது நகைச்சுவைக்கு நேரமில்லை. ஒரு டாக்சி ஓட்டுநரை அமர்த்தி, இருவரும் பின்சீட்டில் உட்காருங்கள். கேமரா முன்சீட்டுகளுக்கு நடுவே, பின்னோக்கி. இதில் ஒரு லாபமும் இருக்கிறது: எதற்குமே சிரிக்காத ஓட்டுநர். இரண்டு பேரும் அவரைச் சிரிக்கவைக்கப் போட்டி போடுவார்கள்.

காலர் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே, சீட் பெல்ட் உரசாத உள்பக்கத்தில் குத்த வேண்டும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசும்போது அந்தப் பக்கம்தான் குரலும் தெளிவாக விழும். கஞ்சி போட்ட சட்டை வேண்டாம், சரசரக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வண்டியின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் ஒட்டுப்போட அது இல்லாமல் முடியாது. ஏசியில் குளிர்ந்த லென்ஸோடு பனிமூட்டத்தில் இறங்கினால் கண்ணாடி வேர்த்துவிடும். மேலே சேர்வதற்குக் கொஞ்ச தூரம் முன்பே ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும்.

சாப்பாட்டு மேசைதான் இந்த வகை நகைச்சுவையின் மேடை. அங்கே கட்டாயம் இரண்டு கேமரா வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். அந்த நிமிடத்தில் பிறந்த பேச்சு மறுபடி வராது. ஒரு கேமராவை வைத்து முதலில் இவன், பிறகு அவன் என்று எடுத்தால் ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டும் இடங்கள் செத்துவிடும். இருவர் மூக்கையும் இணைத்து ஒரு கோடு போட்டுக்கொண்டு, இரண்டு கேமராவையும் கோட்டின் ஒரே பக்கம் வையுங்கள். தொடக்கத்தில் ஒரு கைத்தட்டல், இரண்டு பதிவையும் பொருத்த. பத்து நிமிடக் காட்சிக்கு நாற்பது நிமிடமாவது ஓடவிடுங்கள். நல்லது பெரும்பாலும் இருவரும் களைத்த பிறகே வரும்.

தட்டுவடை செட் இல்லாமல் சேலத்துப் படமா என்று கேட்பார்கள். வையுங்கள், ஆனால் பேச்சு நடக்கும்போது வேண்டாம். மைக்கில் அந்த நொறுக்குச் சத்தம் இடி விழுந்ததுபோல் கேட்கும். கேரட், பீட்ரூட் துருவலும் இரண்டு சட்னியும் சேர்ந்த சில நிமிடங்களில் வடை நமுத்தும் போகும். முதல் ஷாட்டில் மொறுமொறுப்பாக இருந்தது அடுத்ததில் தொங்கும். செட் சாப்பிடுவதை வசனமில்லாமல் கடைசியில் தனியாக எடுத்துக்கொண்டு, பேச்சின்போது காபி டம்ளரைக் கையில் கொடுத்துவிடுவது நல்லது. டம்ளரை மேசையில் டங்கென்று வைக்காமலிருக்க அடியில் ஒரு துணி.

வார இறுதியையும் மே மாதக் கோடை விழா நாட்களையும் தவிர்க்கலாம். காபித் தோட்டங்கள் தனியார் நிலம், கேட்டுக்கொண்டு நுழையுங்கள்.

முடிவைப் பற்றி ஒன்று. ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று, கீழே சேலத்தின் இரவு விளக்குகளைக் காட்டி முடிக்க ஆசை வரும். வேண்டாம். முதல் தொடரின் கடைசியில் இருவரும் ஊர் திரும்புகிறார்கள். பிரைடன் தன் குடும்பத்திடம் போய்ச் சேருகிறார். கூகன் கண்ணாடிச் சுவர் வைத்த தன் லண்டன் அடுக்ககத்தில் தனியாக நிற்கிறார். நம் நடிகனைப் புதிய பேருந்து நிலையத்தில் சென்னை பஸ்ஸுக்கு இறக்கிவிடுங்கள். பட்டறைக்காரன் வீடு போய்ச் சேரட்டும். பஸ் கிளம்பும்வரை கேமரா நடிகன் முகத்தில் இருக்கட்டும். கண்டக்டர் குரலுக்கு மேல் எந்த இசையும் போடாதீர்கள்.

இப்படிக்கு,
குறும்பட ஆர்வலர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம்.