மடலை அனுப்புவதற்கு முன்

அன்புள்ள குமரனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. உனக்கு நாகோயாவில் வேலை கிடைத்த செய்தியை வாத்தியாரிடம் சொன்னேன், மிகவும் மகிழ்ந்தார்.

புதிய அலுவலகத்துக்கு நீ ஜப்பானிய மொழியில் எழுதியிருக்கும் மடலின் வரைவைப் படித்தேன். மரியாதை வடிவங்கள் செம்மையாக அமைந்துள்ளன. ஆனால் 'ரைஷூ த்சுகு ஹஸு தெசு' என்ற வரியைத் திருத்தாமல் அனுப்பிவிடாதே.

அடுத்த வாரம் வந்து சேர்வேன் என்பதைத்தான் நீ அப்படி எழுதியிருக்கிறாய். ஆனால் ஹஸு, கையில் உள்ள ஆதாரத்தைக் கொண்டு ஒன்றைக் கணித்துச் சொல்லும் இடத்துக்கு உரியது. கால அட்டவணையைப் பார்த்தவர், ரயில் இன்னும் சிறிது நேரத்தில் வந்துவிடும் என்பதற்கு 'தென்ஷா வா மோ சுகு குரு ஹஸு தெசு' என்பார். நீயே முடிவெடுத்துச் செய்யும் செயலுக்கு அதைச் சேர்த்தால், உன் பயணத்தை வேறு யாரோ தீர்மானிக்க, நீ ஓரமாக நின்று கணக்குப் போடுவதுபோல ஒலிக்கும். பயண நாள் உறுதியாகிவிட்டதால் 'த்சுகு யோதேய் தெசு' என்று எழுது. எண்ணம் மட்டும் இருக்கும்போது த்சுமோரி போதும். ஆனால் மேலாளரின் எண்ணத்தைக் கேட்பதற்கு அதைப் பயன்படுத்தாதே, மரியாதைக் குறைவாகிவிடும். அதே ஹஸு இறந்தகாலத்தில் 'ஹஸு தெஷ்தா' என்று வந்தால், எதிர்பார்த்தது நடக்கவில்லை என்ற பொருள் பெரும்பாலும் சொல்லாமலே சேர்ந்துகொள்ளும். நேற்று வந்திருக்க வேண்டிய சரக்கைப் பற்றிப் பேசும்போது அது உனக்கு அன்றாடம் தேவைப்படும்.

சான்றிதழ்களை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புவதாகச் சொல்ல நினைத்து, வெறும் 'மதே' போட்டிருக்கிறாய். அப்படி எழுதினால் வெள்ளிக்கிழமை வரை அனுப்பிக்கொண்டே இருப்பாய் என்றாகும். கெடு என்றால் 'மதே நி' வேண்டும். 'வரை', 'குள்' என்று இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கும் தமிழில் பிறந்தவன் இதில் தடுமாறலாமா?

விடுதிக் கட்டிலில் படுத்தபடியே 'இதோ, கிளம்பிவிட்டேன்' என்பாயே, அந்த வழக்கம் அங்கே செல்லாது. கிளம்பப் போகிறாய் என்றால் 'தேரு தொகோரோ', இப்போதுதான் கிளம்பினாய் என்றால் 'தேத்தா தொகோரோ'. வினையின் காலம் உன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அடுப்பில் இருக்கும் உணவைக்கூட இப்போதுதான் கொடுத்தனுப்பினோம் என்று சமாளிக்கும், சோபா என்ற நூடுல்ஸ் விற்கும் கடைக்காரர்களை வைத்து, 'சோபாயா நோ தெமாஎ' என்ற சொலவடையே ஜப்பானியரிடம் உண்டு.

குமரா, புதிய இடத்தில் எல்லாம் உடனே பிடிபடவில்லையே என்று முதல் மாதங்களில் மனம் சோர்ந்துவிடாதே. 'கைஷா நி ஹைத்தா பகாரி தெசு', அதாவது வேலையில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன் என்று தயங்காமல் சொல். அந்தந்த நொடியோடு ஒட்டி நிற்கும் தொகோரோவைப் போலன்றி, பகாரி பேசுபவரின் மனத்தில் அண்மையாகத் தோன்றும் காலத்தைக் குறிப்பது. சேர்ந்து அரை ஆண்டு ஆன பின்னும் அப்படிச் சொல்லலாம், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

திருத்திய வரைவை எனக்கு அனுப்பிவை. இன்னொரு முறை பார்த்துவிட்டுத் தருகிறேன். அக்காவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரகு