பதினொன்றாம் வகுப்பு: 'குறிஞ்சித் தேன்' ஆய்வுப் பணி

மாணவர்களே, வணக்கம். நீலகிரியில் வாழும் படகர் சமூகத்தைப் பற்றிய ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' நாவலை முடித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன் (சிலர் கதைச்சுருக்கத்தோடு நிறுத்திக்கொண்டது தெரியும்). இனி அதில் வரும் ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, நம் நீலகிரியில் அது உண்மையில் எப்படி என்று தேட வேண்டும். படகர் சடங்கோ, தேயிலையோ, குறிஞ்சியோ, உங்கள் விருப்பம்.

குறிஞ்சியையே பாருங்கள். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது நீலக்குறிஞ்சி. அதே பேரினத்தில் வேறு இடைவெளிகளில் பூப்பவையும் உண்டு. 'குறிஞ்சி பூத்துவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தால், எந்த இனம், எந்த மலை, யார் எப்போது எடுத்தது என்று கேளுங்கள். பதில் இல்லாத படம் சான்றாகாது. விக்கிப்பீடியாவைப் பார்க்கத் தடையில்லை. கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள்களைத் திறந்து, மூலத்தைப் படித்த பிறகே எழுதுங்கள்.

ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டுப் பேசுங்கள், பேசிய நாளைக் குறித்துவையுங்கள். அவர்கள் சொல்வது நாவலோடு முரண்பட்டால் இன்னும் நல்லது. இரண்டையும் அப்படியே எழுதுங்கள்.

தலைப்பை வெள்ளிக்கிழமைக்குள் இங்கே பதிவிடவும். சனிக்கிழமை கோத்தகிரி நூலகம் போகிறோம். மழை பெய்தாலும் போகிறோம், ஸ்வெட்டர் கட்டாயம்.