எலிசபெத் கீயும் நம் பாடக்குறிப்பும்

அன்புள்ள மீனா,

நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. உன் கோபம் நியாயம்தான். அண்ணனுக்குக் கால் வலி குறைந்ததா? மருமகளுக்கு வளைகாப்பு முடிந்திருக்குமே, வர முடியாமல் போனதில் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. பாஸ்டனில் மகளோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு, இப்போது ரிச்மண்டில் பெரியவன் வீட்டில் இருக்கிறேன். எல்லாரும் சுகம். மற்றதை நேரில் பேசுவோம்.

போன சனிக்கிழமை ஜேம்ஸ்டவுன் போய் வந்தோம். அன்றிலிருந்து உன்னிடம் சொல்லாமல் இருப்புக்கொள்ளவில்லை. வர்ஜீனியாவில், அமெரிக்காவிலேயே ஆங்கிலேயர் முதலில் நிலைத்துக் குடியேறிய இடம். முப்பது வருஷம் நாம் கரும்பலகையில் ‘1607’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்த ஊர். நீ வந்திருந்தால் அந்த ஆற்றங்கரையிலிருந்து உன்னைக் கிளப்பியிருக்க முடியாது. தாராசுரத்தில் பஸ்ஸை ஒரு மணி நேரம் காக்கவைத்தவள்தானே நீ!

பழைய கோட்டையை ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது என்றே நெடுங்காலம் நம்பியிருக்கிறார்கள். 1994-இல் தோண்ட ஆரம்பித்த பிறகுதான், மர வேலி நட்ட இடம் மண்ணில் கறுப்புத் தடமாகத் தெரிந்திருக்கிறது. அங்கேயே அருங்காட்சியகம். அதில் பதினாலு வயதுப் பெண் ஒருத்தியின் மண்டை ஓடு. 1609-10 குளிர்காலப் பஞ்சத்தில் சுமார் முந்நூறு பேரில் அறுபது பேர்தான் மிஞ்சினார்கள். அந்தப் பஞ்சத்தில் செத்தவளின் உடலை மற்றவர்கள் தின்றிருக்கிறார்கள். நெற்றியில் ஆழமில்லாத நாலு வெட்டு, பக்கத்துப் பக்கத்தில். வெட்டியவன் கை தயங்கியிருக்கிறது என்று பார்த்தாலே தெரிகிறது. பேரனை அந்த அறைக்குள் விடாமல் நான் மட்டும் போய் நின்றேன்.

பாஸ்டனைப் பார்த்துவிட்டு இங்கே வந்ததால் எனக்கு ஒன்று உறைத்தது. இரண்டு இடத்திலும் ஒரே நாட்டு ஆட்கள், ஒரே மொழி, ஒரே ராஜா. ஆனால் இங்கே முதலில் இறங்கியது ஆண்களும் பையன்களுமாக 104 பேர். அதில் ஒரு பெண் கிடையாது. 1620-இல், குடியேற்றத்தை நடத்திய வர்ஜீனியா கம்பெனியே தொண்ணூறு பெண்களைக் கப்பலேற்றி அனுப்பியது. கட்டிக்கொள்கிறவன் அவள் வந்த செலவைப் புகையிலையாகக் கட்ட வேண்டும்! வடக்கே, பாஸ்டன் இருக்கிற மாசசூசெட்ஸுக்கு 1630-களில் போன இருபதாயிரம் பேரில் பெரும்பாலோர் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் என்று குடும்பமாகப் போனவர்கள். நிலத்தை ஊருக்கென்று வாங்கி, நடுவில் ஜெபக்கூடம் கட்டி, சுற்றிலும் வீடு போட்டுக்கொண்டார்கள். 1647-இல் அவர்கள் போட்ட சட்டப்படி ஐம்பது குடும்பம் இருக்கிற ஊரில் ஒரு வாத்தியார் இருந்தே ஆக வேண்டும்.

இங்கே அப்படி ஊரே கிடையாது. புகையிலை மூணு நாலு வருஷத்தில் மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும், உடனே புது நிலம் வேண்டும். அதனால் ஆற்றோரமாகச் சிதறி, ஒவ்வொருவனும் தன் தோட்டத்துக்கு முன்னாலேயே கப்பலை நிறுத்திச் சரக்கு ஏற்றினான். சந்தையோ பள்ளிக்கூடமோ எழும்ப வழியில்லை. அந்த நிலமெல்லாம் பவ்ஹாட்டன் என்ற பூர்வகுடி மக்களுடையது. அவர்களில் பமுன்கி இனத்தார் இன்றைக்கும் பழைய உடன்படிக்கைப்படி வருஷா வருஷம் ஆளுநருக்கு மான் கொண்டுவந்து தருகிறார்களாம். ஒப்பந்தத்தை மறக்காதவர்கள் அவர்கள்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ‘தென்பகுதியில் வெப்பம் அதிகம், ஆகவே தோட்டப்பயிர், ஆகவே அடிமைமுறை.’ நம் குறிப்பில் இருந்த வரி. இரண்டு மதிப்பெண். எத்தனை பிள்ளைகளை உருப்போட வைத்தோம்! அது தப்பு மீனா. 1619-இல் இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களை இங்கே கொண்டுவந்து விற்றார்கள். ஆனால் அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் தலைமுறை தலைமுறையாக அடிமைகள் என்று அப்போது எந்தச் சட்டமும் இல்லை. 1621-இல் வந்த ஆன்டனி ஜான்சன் என்ற ஆப்பிரிக்கர் பிறகு விடுதலையாகி 250 ஏக்கருக்குச் சொந்தக்காரர் ஆகியிருக்கிறார். பாதி திறந்திருந்த கதவு அது.

அதைச் சாத்தியது வெயில் இல்லை, சட்டசபை. எலிசபெத் கீ என்று ஒரு பெண். அப்பா ஆங்கிலேயர், அம்மா ஆப்பிரிக்கப் பெண். ‘பிள்ளையின் நிலை தகப்பன் வழி என்பது இங்கிலாந்துச் சட்டம், நான் ஞானஸ்நானமும் பெற்றவள்’ என்று வழக்குப் போட்டு 1656-இல் ஜெயித்துவிட்டாள். ஆறே வருஷம். 1662-இல், பிள்ளை தாயின் நிலையைத்தான் அடையும் என்று சட்டம் வந்தது. 1667-இல், ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை இல்லை என்று இன்னொன்று. அவள் வெளியே வந்த இரண்டு வழியையும் தேடிப்பிடித்து அடைத்திருக்கிறார்கள். தன் தோட்டத்துப் பெண்ணிடம் தனக்கே பிறந்த பிள்ளையை எஜமான் சொத்துக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். நாம் பிள்ளை பெற்றவர்கள், உனக்கு விளக்க வேண்டியதில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வடக்கத்தியார் யோக்கியர்கள் என்று நினைத்துவிடாதே. அடிமைமுறையை 1641-லேயே சட்டத்தில் ஏற்றுக்கொண்டவர்கள் மாசசூசெட்ஸ்காரர்கள். கரீபியன் கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்குத் தின்னக் கொடுத்த மட்டக் கருவாடு இவர்கள் பிடித்த காட் மீன்தான். பாஸ்டன் சட்டசபை மண்டபத்தில் மரத்தில் செதுக்கிய காட் மீனைத் தொங்கவிட்டிருப்பதை மகள் காட்டியபோது அழகாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

ஜேம்ஸ்டவுனில் வில்லியம் பியர்ஸ் என்பவரின் வீடு இருந்த இடத்தையும் தோண்டியிருக்கிறார்கள். 1625 கணக்கெடுப்பில் அந்த வீட்டு ஆட்கள் பட்டியலில் ஏஞ்சலா என்ற ஆப்பிரிக்கப் பெண்ணின் பெயர் இருக்கிறது. பெயரும் வந்த கப்பலும் மட்டும். வயது இல்லை, ஊர் இல்லை. அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பேரன் வந்து, “பாட்டி, யாருக்காக வெயிட் பண்றீங்க?” என்று கேட்டான். சட்டென்று பதில் வரவில்லை.

நீ இன்னும் டியூஷன் எடுக்கிறாய்தானே? அந்தப் பச்சை நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, எலிசபெத் கீ பெயரையும் 1656, 1662, 1667 என்ற வருஷங்களையும் எழுதிவைடி. கேள்வித்தாளில் வராது, பரவாயில்லை.

அடுத்த மாதக் கடைசியில் வருகிறேன். கூழ்வடகம் போட்டால் எனக்கும் ஒரு டப்பா எடுத்து வை.

அன்புடன்,
உன் ராஜி