சாம்பார் ஏரி

மாப்ள,

நேற்று ராத்திரி முடிவாகிவிட்டது. நாம் சேர்ந்து எழுதிய விளையாட்டுப் புத்தகம் உவர்த்துறைக்கு இனி கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 உரிமம்: எழுதியவர் பேரைப் போட்டு யாரும் எடுத்தாளலாம், மாற்றினால் அதே உரிமத்தில்தான் விட வேண்டும். என்சி, அதாவது வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை, போச்சு. அதை விடமாட்டேன் என்றாய், கூடவே நீ எழுதிய மூன்று அத்தியாயங்களும் போச்சு. வேறு யாராவது உன் காதில் போடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு மெயிலுக்குப் பதில் இல்லை, வாட்ஸ்அப்பில் என்னை ப்ளாக் செய்துவிட்டாய். அதனால்தான் இப்படி ஊர் பார்க்க எழுத வேண்டியதாகிவிட்டது.

உன் தங்கை கல்யாண நாளன்றா இது முடிய வேண்டும்? சத்தியமாக நான் பார்த்து வைத்த நாள் இல்லை. எட்டுப் பேரும் சரி என்று சொல்லி முடித்தபிறகுதான் தேதியைக் கவனித்தேன்.

அந்தக் கல்யாணத்தில்தானே எல்லாம் ஆரம்பித்தது. மூன்றாம் பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டது. மேசைமேல் விரித்திருந்த வெள்ளைப் பேப்பரைச் சுருட்ட வந்த பையனை, 'தம்பி, இதை மட்டும் விட்டுடு' என்று நிறுத்தினாய். பேப்பரில் சாம்பார் கொட்டி, ஓரமெல்லாம் மஞ்சளாக ஊறி, நடுவில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு. மொய் எழுதுகிற பேனாவை வாங்கிவந்து கறையைச் சுற்றிக் கரை போட்டாய். 'இது ஏரி. முருங்கைக்காய் தீவு.' நான் பக்கத்திலேயே சாம்பார் ஏரி என்று எழுதினேன். ராஜஸ்தானில் அதே பேரில் நிஜமாகவே ஒரு உப்பு ஏரி இருப்பது அன்றைக்கு நம் இரண்டு பேருக்குமே தெரியாது. தெரிந்தபிறகுதானே ஊரையே உப்பளமாக்கினோம்! 'மாப்பிள்ளை வீட்டார் கிளம்புறாங்க, இங்க என்னடா படம் வரைஞ்சிட்டிருக்க' என்று உன் அப்பா கத்தியதும் பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாய். பட்டு வேட்டியெல்லாம் சாம்பார்.

தப்பு என்மேல்தான், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பாத்தி கட்டுவது, உப்பு வாருவது பற்றிய அந்த ஆறு பக்கத்தில் பாதி, தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்து நான் மாற்றி எழுதியது. யாரிடமும் சொல்லவில்லை. அங்கிருந்து எடுத்து மாற்றியதை அதே எஸ்ஏ உரிமத்தில்தான் வெளியிட முடியும். அதன்மேல் நாமாக ஒரு என்சி-யை ஏற்ற முடியாது. அப்படியானால் இத்தனை வருஷமும் நம் முதல் பக்கத்தில் போட்டிருந்த உரிமமே பொய். அந்தப் பக்கங்களை எடுத்திருக்கலாமே என்று கேட்பாய். அதன்மேல்தான் மற்றவர்களெல்லாம் கட்டியிருக்கிறார்கள். அதை உருவினால் எட்டுப் பேர் எழுதியதும் சரியும். உன்னுடையதை எடுத்தால் உன்னுடையது மட்டும்தான் போகும். கணக்கு அப்படித்தான் வந்தது. கேட்க நன்றாக இல்லை, தெரியும்.

ஆனால் நீயும் கொஞ்சம் யோசி. ஜெராக்ஸ் காசுக்காக அறுபது ரூபாய் வைத்த ஒரு புத்தகத்துக்கு நீ போட்ட சண்டை! என்சி என்றால் 'முதன்மையாக' வணிக ஆதாயத்துக்கோ பணத்துக்கோ செய்வது என்றுதான் அந்த உரிமத்திலேயே இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எங்களை மூன்று மாதம் வக்கீல்களாக்கினாய். அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. அதை இங்கே எழுதப்போவதில்லை. அன்று இருந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் அவர்களிடமும் கேட்க வேண்டாம்.

2023 ஜனவரியில் நீ சொன்னது மட்டும் சரி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டின் விதிகளை மற்றவர்களும் எடுத்தாள விட்ட பழைய ஓப்பன் கேம் லைசென்ஸைச் செல்லாமல் ஆக்கப்போகிறார்கள் என்று கசிந்ததும் நம் குழு அழாத குறை. அந்த மாதம் 27-ஆம் தேதி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை பேர் போட்டால் போதும் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) பிஒய் 4.0-இல் விட்டார்கள். 'இனி திரும்பப் பிடுங்க முடியாது, ஜெயிச்சுட்டோம்' என்று நான் குதித்தேன். 'பிடுங்க முடியாதுன்னா கொடுக்கறதுக்கு முன்னாடி நூறு தடவை யோசிக்கணும்டா' என்றாய். அன்றைக்கு உன்னைக் கஞ்சன் என்றேன். நேற்று அந்த ஃபைலில் உரிமத்தின் பெயரை மாற்றும்போது எனக்கே கை நின்றது.

'என் பேரை எடுத்துடு' என்று கடைசியாக எழுதியிருந்தாய். அதற்கும் அந்த உரிமத்திலேயே இடம் இருக்கிறது: எழுதியவர் கேட்டால், முடிந்தவரை பெயரை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டேன். உன் மூன்று அத்தியாயங்களும் பழைய என்சி-யிலேயே தனி ஃபைலாக, பேரில்லாமல் இருக்கும். அலையாத்திக் காட்டுப் பேய்களைப் படிக்கிற புதுப்பையன் யார் எழுதியது என்று கேட்டால் என்ன சொல்ல? ஒருத்தன் இருந்தான் என்றா?

மாட்டிக்கொண்டது வரைபடம்தான். ஒருவர் பங்கை இன்னொருவர் பங்கிலிருந்து பிரிக்க முடியாவிட்டால் அது கூட்டுப் படைப்பு என்கிறது நம் 1957 பதிப்புரிமைச் சட்டம். அத்தியாயங்களைப் பிரித்துவிடலாம். இதை எங்கே பிரிப்பது? கோடு உன்னுடையது, பேர் என்னுடையது, கறை சமையல் மாஸ்டருடையது. நீ சரி என்று சொல்லாமல் இதற்குப் புது உரிமம் போட முடியாது, அதனால் எடுத்துவிட்டோம். வேறொன்று வரைந்து பார்த்தேன். ஏரி கோழிமுட்டை மாதிரி வந்தது. இப்போதைக்கு அந்தப் பக்கம் காலி.

ஒரிஜினல் பேப்பர் என்னிடம்தான் இருக்கிறது, பிளாஸ்டிக் கவருக்குள். சனிக்கிழமை உன் தங்கை வீட்டில் கொடுத்துவிடுகிறேன். பேப்பரை வைத்திருப்பதால் உரிமை வந்துவிடாது என்று நீ சொல்வாய், அதுவும் தெரியும். பிரிக்கும்போது மட்டும் பார்த்துப் பிரி. முருங்கைக்காய் ஒட்டியிருந்த இடத்தைப் பூச்சி அரித்துவிட்டது. தீவு இப்போது ஓட்டை.