பெண்களை வெளியே நிறுத்திய பேச்சுவார்த்தை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்களின் உரிமையையும் பங்கேற்பையும் வெளியுறவின் மையத்தில் வைக்கும் பெண்ணிய வெளியுறவுக் கொள்கை குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, 2014-இல் அதை முதன்முதலாக அறிவித்த சுவீடனே 2022-இல் கைவிட்டதைச் சுட்டிக்காட்டி, அது வெறும் முழக்கமாகவே முடிந்தது என்று தீர்ப்பளிக்கிறது. அத்தீர்ப்பை என்னால் ஏற்க இயலவில்லை. அன்றைய வெளியுறவு அமைச்சர் மார்கோட் வால்ஸ்ட்ரோம், சவுதி அரேபியாவில் பெண்களின் உரிமை பறிக்கப்படுவதையும் வலைப்பதிவர் ஒருவருக்குக் கசையடி கொடுக்கப்பட்டதையும் வெளிப்படையாகக் கண்டித்தார். அதனால் 2015 மார்ச்சில் அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக் கூட்டத்தில் அவர் ஆற்றவிருந்த உரை தடுக்கப்பட்டது.  ஆனாலும், தன் நாட்டுத் தொழிலதிபர்களின் எதிர்ப்பையும் மீறி, சவுதியுடனான ராணுவ ஒத்துழைப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று சுவீடன் முடிவெடுத்தது. உடனே சவுதி தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. இழப்பு வரும் என்று தெரிந்தே எடுத்த முடிவை முழக்கம் என்று எப்படித் தள்ளிவிடுவது?

கட்டுரை தொடாமல் விட்ட, கத்தார் தலைநகர் தோஹாவில் நடந்த பேச்சுவார்த்தைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஆப்கானிஸ்தான் குறித்து ஐ.நா. 2024 பிப்ரவரியில் அங்கே கூட்டிய கூட்டத்துக்குத் தாலிபான்கள் வரவில்லை. ஆப்கன் தரப்பில் தாங்கள் மட்டுமே அமர வேண்டும் என்பது அவர்களது நிபந்தனை. ஜூன் 30-இல் மீண்டும் கூடியபோது அவர்கள் வந்தார்கள், ஆப்கன் பெண்கள் பிரதான அமர்வுகளில் இல்லை. கூட்டம் முடிந்தபின் ஐ.நா. அதிகாரிகளும் பிற நாட்டுத் தூதர்களும் அந்தப் பெண்களைத் தனியே சந்தித்தார்கள். சமாதான முயற்சிகளில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே 1325-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றிய அதே ஐ.நா.தான் இதைக் கூட்டியது. பெண்ணியக் கொள்கையை அப்போது பெருமையுடன் சொல்லிக்கொண்ட கனடா ஏமாற்றம் தெரிவித்ததே தவிர, எழுந்து வெளியேறவில்லை.

விட்டுக்கொடுத்ததால் கிடைத்தது என்ன? ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடியாத அந்நாட்டில், அதே ஆண்டு டிசம்பரில் பெண்களுக்கான செவிலியர், மருத்துவச்சிப் பயிற்சிகளும் நிறுத்தப்பட்டன. ஆண் மருத்துவர் பெண்ணுக்குச் சிகிச்சை அளிக்கத் தடை உள்ள மாகாணங்களும் அங்கே உண்டு. அங்கெல்லாம் பிரசவ வலியில் துடிப்பவளுக்கு உதவ இனி யார் வருவார்?

மறுத்து நின்றால் தாலிபான்களும் இறங்கி வருவார்கள் என்பதைப் புதுதில்லியில் பார்த்தோம். 2025 அக்டோபரில் இந்தியா வந்த தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தாக்கியின் முதல் செய்தியாளர் சந்திப்பில் பெண் செய்தியாளர்களுக்கு இடமில்லை. எதிர்ப்பு வலுத்ததும் இரண்டே நாளில் அவர்களையும் அழைத்து இன்னொரு சந்திப்பு நடத்தினார். தூதரக அதிகாரிகள் செய்யத் துணியாததைச் செய்தியாளர்கள் செய்து காட்டினார்கள்.

ஆகவே இக்கொள்கையை அறிவித்த நாடுகள், அடுத்த அழைப்பு வரும்போது, ஆப்கன் பெண்கள் பிரதான அமர்விலேயே இடம்பெற்றால்தான் வருவோம் என்று முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காபூலில் தூதரகத்தை மீண்டும் திறந்துள்ள இந்தியாவும் இதைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி