அரையாண்டுத் தேர்வுக்குப் பின் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழாவும் அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தன. வட்டார அளவிலான போட்டிகளிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். அனைவருக்கும் பாராட்டுகள். பொதுத்தேர்வு எழுதுவோருக்கான மாலை வகுப்புகள் பொங்கல் விடுமுறைக்குப் பிறகு தொடரும்.

அப்புறம், ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது. தேர்வு முடிந்த கையோடு பெற்றோர் பலருக்குப் பயிற்சி நிலையங்களிலிருந்து போன் மேல் போன். பிள்ளையின் பெயர், வகுப்பு, பாடப்பிரிவு வரை சொல்லிப் பேசுகிறார்களாம். பள்ளி அலுவலகம்தான் எண்ணைக் கொடுத்ததா என்று சிலர் நேரில் வந்து கேட்டீர்கள். கேட்டதில் தவறே இல்லை. விசாரித்தோம், பள்ளியிலிருந்து யாருக்கும் எந்த விவரமும் கொடுக்கப்படவில்லை. ஆனால் போன் வந்தவர்களில் பெரும்பாலோர், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய ஓர் இலவச மாதிரித் தேர்வுத் தளத்தில் இந்த விவரங்களை எல்லாம் நிரப்பியவர்கள்.

"நான் எதையும் நிரப்பவில்லை, திறந்து பார்த்ததோடு சரி, அதற்கே எங்கே போனாலும் நீட் பயிற்சி விளம்பரமாக வருகிறதே" என்றார் ஒரு தாய். அது வேறு வழி. நாம் திறப்பது ஒரு தளம்தான் என்றாலும், அதற்குள் விளம்பர நிறுவனங்களின் நிரல்களும் சேர்ந்தே ஓடுகின்றன. குக்கீ என்ற சிறு அடையாளக் கோப்பு ஒன்றை நம் போனில் போட்டு வைக்கின்றன. அதே நிறுவனத்தின் நிரல் வேறு ஆயிரக்கணக்கான தளங்களிலும் இருப்பதால், இந்த போன்காரர் எங்கெங்கே போகிறார் என்று கோத்துப் பார்க்க முடிகிறது. பெயர் தெரியாமலே இவ்வளவும் நடக்கும். படிவத்தில் எண்ணையும் கொடுத்துவிட்டால் பெயரும் சேர்ந்துவிடுகிறது.

கல்விச் செயலி என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். கொரோனா காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு ஆராய்ந்து 2022-இல் அறிக்கை வெளியிட்டது. பத்தில் ஏறக்குறைய ஒன்பது, பிள்ளைகளைக் கண்காணித்தன அல்லது கண்காணிக்கக்கூடியவையாக இருந்தன. நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சரி, படிவத்தை நிரப்பித் தருபவரே பெற்றோர் என்றால் சட்டம் என்ன செய்யும்?

ஆகவே கண்டிப்பாகவே சொல்கிறேன். பிள்ளைகளின் எமிஸ் எண் (கல்வித் துறை தரும் மாணவர் அடையாள எண்), பிறந்த தேதி, மதிப்பெண் பட்டியல், ஆதார் படம் எதையும் இனி வகுப்புக் குழுவில் போடக் கூடாது. வகுப்பாசிரியர் அனுப்பாத தேர்வு இணைப்புகளையும் பகிரக் கூடாது. மீறினால், யாராக இருந்தாலும் குழுவிலிருந்து நீக்கப்படுவார்கள். அலுவலக ஊழியர்களிடம் குரலை உயர்த்துவதும் வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. பிரவுசர் அமைப்புகளில் மூன்றாம் தரப்பு குக்கீகளை, அதாவது நாம் திறந்த தளம் அல்லாத வேறு நிறுவனங்கள் போடுபவற்றை, தடுத்துவிடுங்கள். புதிய ஆண்ட்ராய்டு போன்களில் விளம்பர ஐடியை (விளம்பரத்துக்காக போனுக்கு இடப்படும் அடையாளக் குறியீட்டை) நீக்கும் வசதி இருக்கிறது. ஐபோனில் ஒரு செயலி உங்களைப் பின்தொடர அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். செய்யத் தெரியாவிட்டால் கூச்சப்படாமல் போனோடு வாருங்கள். கணினி ஆசிரியர் பெற்றோர் கூட்டத்தன்று பொறுமையாகச் செய்து காட்டுவார். (என் போனுக்கும் அவர்தான் செய்து தந்தார்.)

பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துத்தான் அந்தப் படிவங்களை நிரப்பினீர்கள், அது எனக்குத் தெரியும். வந்து கேட்டவர்களுக்கும், இணைப்பைத் தேடி எடுத்துக் காட்டிய பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி. அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்